பதிமூன்றே முக்கால் அங்குலம்

யார் வீட்டுக்குப் போனாலும் மாணிக்கவாசகம் முதலில் நாற்காலியின் அடியில் விரலை விட்டுத் தடவுவார். உட்காருவது அதற்கப்புறம்தான். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே திரும்பும் நேரம் பார்த்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, இருக்கைப் பலகையின் அடியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஆள்காட்டி விரலை ஓட்டுவார். விரல் எங்காவது முட்டி நின்றதோ, முகம் வாடிவிடும். "ஆணி" என்பார், துக்கச் செய்தி சொல்லும் குரலில். தண்ணீரோடு வருகிறவருக்கு ஒன்றும் புரியாது.

தங்கை மகனுக்குப் பெண் பார்க்கத் தியாகராய நகருக்குப் போனபோது விரலோடு நிற்காமல் நாற்காலியையே கவிழ்த்துப் பார்த்துவிட்டார். பெண் வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். போன வாரம்தான் எல்லாவற்றையும் வெயிலில் போட்டோம், ஒரு மூட்டைப்பூச்சிகூட இல்லை என்று பெண்ணின் தாயார் கண்கலங்கச் சொன்னாள். அவர் தேடியது மூட்டைப்பூச்சி அல்ல என்று விளக்கப் போய், விளக்கம் முக்கால் மணி நேரம் நீண்டு, கேசரி ஆறிப்போயிற்று. அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் முகூர்த்தத்தில் இவருக்கு ஜமக்காளம்தான் விரித்தார்கள்.

மாணிக்கவாசகத்துக்கு ஐம்பத்தோரு வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்றாலும் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்று குடித்தனம் உள்ள வீட்டின் முன்பகுதியில் இருபது வருஷமாக இருக்கிறார். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்ளும் இடத்தில் இவர் மடக்கு ஸ்கேல் வைத்திருப்பார். விரித்தால் இரண்டடி வரும். பஸ்ஸில் நெரிசல் அதிகமானால் அது பக்கத்து ஆளின் விலாவில் குத்தும். அதற்காக அவர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தது கிடையாது.

இந்தப் பிடிப்பு வந்தது ஒரு கொசுவினால். அறுபத்தொன்பதில் அடையாறில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபோது அவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மாணிக்கவாசகம் ஒரு சுவர்க்கடிகாரத்தின் மேல் கண்வைத்துப் போயிருந்தார். கடிகாரத்துக்கு முன்னால் ஒரு கட்டுப் புத்தகம் ஏலத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்க இவர் கையைத் தூக்கினார். போட்டிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. குதிரை வைத்தியம், கேக் செய்முறை, பழைய ரயில் அட்டவணை இவற்றோடு தடிமனான ஒரு தொகுப்பும் அந்தக் கட்டில் இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வந்த ஒரு மாதப் பத்திரிகையின் ஓராண்டு இதழ்கள். நடுவே மேஜை, நாற்காலி, பெஞ்சு, விளக்கு என்று நாற்பத்திரண்டு வரைபடங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொரு கட்டைக்கும் அங்குலக் கணக்கு.

வரைபடங்களைவிட முன்னுரைதான் ஆளைச் சாய்த்தது. யந்திரம் மனிதனின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டதாம். தன் நாற்காலியைத் தானே செய்துகொள்கிறவன்தான் சுதந்திர மனிதனாம். பூவேலை பொய், பளபளப்பு பொய், ஆணி மகா பொய். மரம் மரமாகவே தெரிய வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் எழுதிவைத்ததற்குக் கீழே சுருக்கொப்பம் போட்டுவந்த ஒரு மனிதர் இதைப் படித்தால் அவருக்குள் என்ன ஆகும் என்று, கேலி செய்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசித்தாயிற்று. மேலே போவோம்.

சுதந்திர மனிதனாகும் முயற்சி சரியாகப் பதினைந்து நிமிஷம் நடந்தது. புது ரம்பம், புதுப் பலகை, பழைய கட்டைவிரல். நான்கு தையல் போட வேண்டியிருந்தது. கட்டோடு கட்டிலில் சாய்ந்தபடி முன்னுரையை மறுபடி வாசித்தவர், அதில் எல்லாம் மனிதக் கையால் செய்யப்பட வேண்டும் என்று இருக்கிறதே ஒழிய, இன்னாருடைய கையால் என்று திட்டவட்டமாக இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். அலுவலகத்தில் விதிகளை வாசித்துப் பழகிய கண்ணுக்குத்தான் இதெல்லாம் அகப்படும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீர்சாகிப்பேட்டைக்குப் போய் மெஹபூப் பாஷாவை அழைத்து வந்தார்.

மெஹபூப் பாஷா பள்ளிக்கூட பெஞ்சும் துணி அலமாரியும் செய்கிற தச்சர். காதில் பென்சில், தோளில் துண்டு, இடுப்பில் சுருட்டிச் செருகிய ஒரு கயிறு. எதையும் கயிறு பிடித்து அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வாரே தவிர, அங்குலம் கேட்டால் சிரிப்பார். ஞாயிறுதோறும் வீட்டு முற்றத்தில் வேலை நடக்கும். மாணிக்கவாசகம் கவிழ்த்த மண்ணெண்ணெய் டின் மேல் உட்கார்ந்து புத்தகத்தை முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் வாசிப்பார். பாஷா வேலை செய்வார். பலகை நீளமாக இருந்தால் மறுமுனையை மாணிக்கவாசகம் பிடித்துக்கொள்வார். திங்கட்கிழமை சட்டைக் கையில் ஒட்டியிருக்கும் மரத்தூளைத் தட்டாமலே அலுவலகத்துக்குப் போய், பக்கத்து நாற்காலிக்காரரிடம் நேற்று இரண்டு கழுந்து இறக்கினேன், தோள் விட்டுப்போயிற்று என்பார். ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி இன்னொரு சட்டத்தின் துளையில் நுழைப்பார்களே, அதுதான் கழுந்து.

அந்தக் கழுந்தினால்தான் இருவருக்கும் முதல் தகராறு வந்தது. புத்தகத்தில் கழுந்து துளைக்குள் நிற்காமல் மறுபக்கம் ஓரங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே ஓர் ஆப்பு வேறு. பாஷா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, உள்ள கீற சமாச்சாரத்த வெளிய இட்டாந்து காட்டச் சொல்றாரு? எங்க அப்பா பாத்தாருன்னா, வேல தெரியாதவன்னு உளியப் புடுங்கிக்கினு தொரத்திடுவாரு."

"அதுதான் பாய் நேர்மை. தன்னை எப்படிச் செஞ்சாங்கன்னு நாற்காலியே சொல்லணும்."

"நாற்காலி பேசினுகீதுன்னா, உக்கார்றவன் இன்னா சார் பண்ணுவான்?"

நேர்மைதான் வென்றது. அன்றிலிருந்து அந்த வீட்டில் புழங்குகிற எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் ஒரு கன்றிப்போன தடம் உண்டு. மாணிக்கவாசகத்தின் மனைவி சுந்தரவல்லியின் புடவைகளில் பாதி அந்த ஆப்புகளில் மாட்டிக் கிழிந்தவை.

அடுத்தது புகைமூட்டம். மரத்துக்குப் பாலிஷ் போடக் கூடாது. மூடிய அறையில் அமோனியாவைத் தட்டுகளில் ஊற்றிவைத்து இரண்டு நாள் வைத்தால் மரம் தானே கருத்துப் பழுப்பாகும் என்று புத்தகம் சொல்லிற்று. மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான குளியலறைதான் அந்த வீட்டில் சன்னல் இல்லாத ஒரே அறை. சனிக்கிழமை காலை நாற்காலி உள்ளே போனது, கதவிடுக்கில் மைதாப் பசையும் பழைய பேப்பரும் ஒட்டப்பட்டன. பின்பகுதியில் குடியிருந்த கனகராஜ், ஜவுளிக்கடை விற்பனையாளர், தோளில் துண்டோடும் கையில் சோப்போடும் அரைமணி நேரம் நின்றுவிட்டுக் குளிக்காமலே கடைக்குப் போனார். மத்தியானத்துக்குள் வீட்டில் எல்லோர் கண்ணிலும் தாரைதாரையாக நீர். எதிர்வீட்டு அம்மாள் இத்தனை பேர் அழுவதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடிவந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தால் நாற்காலி போன நிறத்திலேயே இருந்தது. புத்தகம் எழுதியது ஓக் மரத்துக்கு. இவர் வைத்தது தேக்கு. ஓக்கில் இருக்கும் துவர்ப்பு தேக்கில் இல்லை. இது புத்தகத்திலும் இல்லை. ஒரு கை கடுக்காயைத் தட்டிப்போட்டு ஊறவைத்த தண்ணீரைப் பூசிவிட்டு மூட்டம் போடச் சொன்னார் பாஷா. சொன்னதைச் செய்ததும் மரம் பிரமாதமாகக் கருத்தது. அமெரிக்கப் புத்தகத்தில் கடுக்காய் இல்லையே என்று மாணிக்கவாசகம் ஒரு வாரம் மனம் வருந்தினார். பிறகு வரைபடத்தின் ஓரத்தில் 'எனது ஆராய்ச்சி' என்று தலைப்பிட்டு அதைக் குறித்துக்கொண்டார். அடுக்களையில் வயிற்றுக்கென்று வைத்திருந்த கடுக்காய் டப்பா காலியானது பற்றிக் குறிப்பு ஏதுமில்லை.

விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முப்பத்தோராவது வரைபடம்: செம்புச் சட்டம், நான்கு பக்கமும் மைக்காத் தகடு, தேக்கில் சதுரத் தண்டு. மண்ணெண்ணெய்க்காக வரைந்ததை மின்சாரத்துக்கு மாற்றினார். அந்த ஒரு விட்டுக்கொடுப்புக்குப் பரிகாரமாகப் பதினைந்து வாட் பல்புக்கு மேல் போடவில்லை. மைக்கா வழியே வருகிற மஞ்சளில் தினசரியின் தலைப்பைப் படிக்கலாம்; செய்தியைப் படிக்க வாசலுக்கு வரவேண்டும். கூடத்து டியூப்லைட் பொய் வெளிச்சம் என்று முடிவாகி அதைக் கழற்றிவிட்டார். அந்த வருஷம் மின்வெட்டு அமலில் இருந்தது. கரண்ட் போனால் அந்தக் கூடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும்.

ஐந்து வருஷத்தில் பதினோரு உருப்படிகள் ஆயின. பத்துக்குப் பன்னிரண்டு கூடத்தில் அவை போக மிஞ்சிய இடத்தில் வாசலிலிருந்து அடுக்களைக்கு ஒருக்களித்துத்தான் போக முடியும். எல்லாவற்றுக்கும் தலைமை ஏழாம் எண் நாற்காலி. முப்பத்துநான்கு அங்குல அகலம்; சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ள ஒரு கம்பி; இருக்கையே பதினேழு அங்குல உயரம், அதன்மேல் நான்கு அங்குலத் தோல் மெத்தை. ஆறடி அமெரிக்கனுக்காகப் போட்ட கணக்கு. மாணிக்கவாசகம் ஐந்தடி மூன்றங்குலம். அதில் உட்கார்ந்தால் அவர் கால் அந்தரத்தில் நிற்கும். இரண்டங்குலம் அறுத்துவிடலாமா என்று பாஷா ஒருதரம் கேட்டார். அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை. கால் எட்டாததற்குப் பத்தொன்பதாம் எண்ணில் ஒரு கால்மணை இருந்தது, அதையும் செய்துகொண்டார். வருகிற விருந்தாளிகள் மட்டும் இரண்டு நிமிஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் கட்டிக்கொள்வார்கள். அதற்கு அந்த நாற்காலி வெகு சௌகரியம். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவர் கால்மணையை அவர்கள் பக்கம் நகர்த்திவைப்பார்.

இத்தனை மரத்துக்கு நடுவே சுந்தரவல்லி தரையில் உட்கார்ந்திருந்தாள். அரிவாள்மணையும் முறமுமாக அடுக்களைத் தரையில் அவளுக்கு முப்பது வருஷம். எழுபத்து மூன்று ஐப்பசி மழையில் வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. லஸ் பக்கத்து டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, குந்தவும் கூடாது, உட்கார்ந்தால் கால் மடங்காமல் தரையில் படிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி கேட்காவிட்டால் ஒரு வருஷத்தில் கம்பு ஊன்ற வேண்டியிருக்கும் என்று மாணிக்கவாசகத்தைத் தனியே கூப்பிட்டும் சொன்னார்.

அவள் அதுவரை புருஷனிடம் மரத்தில் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். "அடுக்களையில போட எனக்கு ஒரு நாக்காலி வேணும். உக்காந்து காய் நறுக்கணும், கால் தரையில படணும். அவ்வளவுதான்."

மாணிக்கவாசகம் கல்நெஞ்சக்காரர் அல்ல. அன்றைக்கே புத்தகத்தை எடுத்து நாற்பத்திரண்டையும் புரட்டினார். நூலக நாற்காலி இருந்தது, தாழ்வார நாற்காலி இருந்தது, கணப்படுப்பு ஓரத்தில் குடும்பத் தலைவர் சாய்ந்துகொள்ள மூன்று தினுசு இருந்தது. நாலடி ஒன்பதங்குலப் பெண்பிள்ளை உட்கார்ந்து காய் நறுக்க ஒன்றுமில்லை. பெரிய மனது பண்ணி ஏழாம் எண்ணையே அவளுக்கு ஒழித்துக்கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் மெத்தையின் நடுவே நின்றது. பாதம் திண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இறங்குவதற்குக் கனகராஜ் மனைவி வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

பாய் வரும்போது தனியாக ஒன்று செய்யச் சொன்னால் என்ன என்று அவள் கேட்டாள். வரைபடம் இல்லாமல் செய்தால் அது வெறும் சாமான் என்றார் மாணிக்கவாசகம். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அதை முழுமனதாக நம்பினார். அலுவலகத்தில் அனுமதி இல்லாமல் ஒரு பென்சில்கூட வாங்கியதில்லை.

"புஸ்தகத்துல இல்லேன்னா உலகத்துலயே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஒரு வேலை நாளில், புருஷன் அலுவலகம் போனபின், சுந்தரவல்லி ரிக்‌ஷா பிடித்து மீர்சாகிப்பேட்டைக்குப் போனாள். பாஷா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டு, இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். முழங்கால் மடக்கில் அவளையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுமுனையைத் தரையில் விட்டு, பாதம் பட்ட இடத்தில் முடிச்சுப் போட்டார். அகலத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று மொத்தம் மூன்று முடிச்சு. மிச்சத் தேக்கில் ஒரே வாரத்தில் முடிந்தது. கைப்பிடி கிடையாது, வலப்பக்கம் தட்டு வைக்க ஒரு சாண் பலகை, கழுந்தெல்லாம் உள்ளே மறைந்து, தடவினால் தழும்புகூடத் தெரியாத மூட்டுகள்.

பாஷா அதை அடுக்களையில் கொண்டுவந்து போட்ட அன்று சாயங்காலம், வீட்டுக்கு வந்த மாணிக்கவாசகம் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் விரலை அடியில் விட்டார். ஆணி இல்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது அவருக்கு இன்னும் கோபமாக இருந்தது. அது கூடத்துக்கு வரக் கூடாது என்று ஒரு வார்த்தையில் தீர்ப்பு முடிந்தது. சுந்தரவல்லிக்கும் அது கூடத்துக்குத் தேவைப்படவில்லை. இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது. அடுக்களையில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கும்போது சந்தோஷமாக இருந்தாள், அதை மறைத்துக்கொள்ளவுமில்லை.

எழுபத்து நான்கில், மாசி மாதம், தியாகராய நகர் கைவினை அன்பர் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்னையிலேயே முதல் தடவையாகக் கையால் செய்த மரச்சாமான்களுக்கு ஒரு கண்காட்சி, ஒரு வெள்ளிக் கோப்பை. மாணிக்கவாசகம் அதை நின்றபடியே மூன்று தரம் வாசித்தார். ஐந்து வருஷமாக மூட்டைப்பூச்சிக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர். தன்னை ஒருவராவது புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் எவ்வளவு ஏங்கியிருந்தார் என்பது அந்த மூன்றாவது வாசிப்பில் தெரிந்தது. நிபந்தனைகள் கீழே இருந்தன. ஒருவருக்கு ஓர் உருப்படி. விளக்கு முதலியவை ஏற்கப்படா. இடம் போதாமையால் அகலம் இரண்டடிக்கு மேற்படக் கூடாது. மூல வரைபடம் உடன் வைக்கப்பட வேண்டும்.

ஸ்கேலை விரித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிவந்தார். கால்மணைகூட இருபத்தாறு அங்குலம். அந்த வீட்டில் இரண்டடிக்குள் அடங்குவது அடுக்களையில் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் நடந்ததற்கு அவர் அலுவலகத்தைத்தான் சொல்ல வேண்டும். அங்கே செலவு முதலில் ஆகும், அனுமதி பிறகு வரும். அதற்குப் பின்னேற்பு என்று பெயர். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அந்த நாற்காலிக்கும் வரைபடம் இல்லாமலில்லை, வருவதற்குத் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். அடுக்களைத் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு கட்டையாக அளந்தார். கெட்டியான காகிதத்தில் கறுப்பு மையால், புத்தகத்தில் உள்ள அதே சாய்ந்த எழுத்தில், எண் நாற்பத்து மூன்று என்று வரைந்தார். காகிதம் புதுக் கருக்கோடு இருந்தது. சுந்தரவல்லியிடம் டிகாக்‌ஷன் கேட்டார். முதல் டிகாக்‌ஷன் குடிக்கத்தான் என்று சொல்லி அவள் இரண்டாவதைக் கொடுத்தாள். தட்டில் ஊற்றி அதில் நனைத்து எடுத்துத் துணிக்கொடியில் க்ளிப் போட்டுக் காயவிட்டபோது நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு அறுபத்தாறு வயது ஆகியிருந்தது. டியூப்லைட்டைப் பொய் என்று கழற்றியவர் இவர்தான்.

வியாழக்கிழமை நாற்காலியைக் கொண்டுபோக மெஹபூப் பாஷா வந்தார். சுந்தரவல்லி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எதுல உக்காருதது?"

"நாலு நாள்தானே வள்ளி. கூடத்துல இத்தனை கிடக்கே."

அவள் கூடத்தைப் பார்த்தாள். அன்று ராத்திரிச் சமையலுக்குத் தரையில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை முழங்கால் பழையபடி வீங்கியிருந்தது. மாணிக்கவாசகம் அதைப் பார்த்தார். பார்க்காதவர் போலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டதிலிருந்து, உள்ளூர என்னவோ உறுத்தியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். முப்பத்தெட்டு நாற்காலிகள் வந்திருந்தன. ஒவ்வொன்றின் இருக்கையிலும் 'தொடாதீர்கள், அமராதீர்கள்' என்று ஓர் அட்டை, அதற்குக் கீழே விவரம். பார்வையாளர்கள் உட்கார மட்டும் ஏற்பாடில்லை. கால் கடுத்த ஒரு பெரியவர் ஏதோ ஒன்றின் நுனியில் சாயப் போக, பேட்ஜ் குத்திய தொண்டர் ஓடிவந்து எழுப்பிவிட்டார்.

மாணிக்கவாசகத்தின் அட்டையைப் பாஷா எழுத்துக்கூட்டி வாசித்தார். 'எண் 43. பழைய அமெரிக்க மூல வரைபடத்தின்படி. ஆக்கம்: தி. மாணிக்கவாசகம்.'

"ஆக்கம்னா இன்னா சார்?"

மாணிக்கவாசகம் அது வந்து ஒரு பொதுவான சொல், யோசனை, மேற்பார்வை, எல்லாம் அதில் அடங்கும் என்று ஆரம்பித்தார். பாஷா சரி என்று சொல்லிவிட்டு, நாற்காலியின் முதுகில் யாருடைய விரலோ பட்டிருந்த எண்ணெய்க் கறையைத் தோள்துண்டால் துடைத்தார். பிறகு சுவரோரம் போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடுவர் ஜவஹர் என்ற இளைஞர். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவர், தாடி, ஜிப்பா, ஜோல்னாப் பை. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நாற்பத்து மூன்றின் முன்னால் நின்றுவிட்டார். மூட்டுகளைத் தடவினார். வரைபடத்தைக் கையில் எடுத்தார், முகர்ந்ததாகவும் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது வேறு. "சார், உக்கார்ற உயரத்த எல்லாரும் பதினாறு, பதினேழு, பதினெட்டுன்னு முழுசா வெச்சிருக்காங்க. இது மட்டும் ஏன் பதிமூணே முக்கால்?"

ஐந்து வருஷமாகக் காத்திருந்த கேள்வி இதுதான். ஒரு நாற்காலியைப் பற்றி ஒரு படித்த மனிதர் மரியாதையோடு கேட்கிறார். மாணிக்கவாசகம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள பொருத்தத்தைச் சொன்னார். மரத்தின் நேர்மையைச் சொன்னார். யந்திரம் கையிலிருந்து வேலையைப் பிடுங்கியதைச் சொன்னார். பழைய கலைஞர்கள் காரணமில்லாமல் ஒரு கோடு போடமாட்டார்கள் என்று சொன்னார். ஜவஹர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"சரி சார். ஆனா அந்த முக்கால்?"

மாணிக்கவாசகம் பாஷாவைப் பார்த்தார். பாஷா மின்விசிறியை விடவில்லை.

அப்போதுதான் சுந்தரவல்லி வாசலில் தெரிந்தாள். அவளை வரச்சொல்லியிருந்தது அவர்தான். கோப்பை வாங்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று காலையில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பனகல் பார்க் பக்கம் இறங்கி, வழியில் அவரைக்காய் வாங்கிக்கொண்டு ஒயர் கூடையோடு வந்திருந்தாள். முப்பத்தெட்டு நாற்காலிகளையும் ஒரு பார்வை பார்த்தாள். வலது காலைத் தாங்கித் தாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, தன்னுடையதை நோக்கி நேராக வந்தாள். தொண்டர் கையை நீட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடிவந்தார். மாணிக்கவாசகத்துக்கு "வள்ளி" என்று வாய்வரை வந்தது.

அவள் இருக்கையிலிருந்த அட்டையை எடுத்து, அதில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசித்தாள். பிறகு உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் குதிகால் முதல் விரல்வரை தரையில் படிந்தன. ஜவஹர் பேனாவை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பாதங்களையே பார்த்தார். மாணிக்கவாசகத்தின் கை சட்டைப்பையில் இருந்த ஸ்கேலுக்குப் போய் அங்கேயே நின்றது. சுந்தரவல்லி அட்டையை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்து வைத்து, கூடையிலிருந்து ஒரு கை அவரைக்காயை அள்ளி அதன்மேல் போட்டு, ஒவ்வொன்றாக நார் உரிக்க ஆரம்பித்தாள்.